உயிர்மாய்ப்பு: சொல் விளக்கம்

தற்கொலைக்குப் பதிலாக 'உயிர்மாய்ப்பு' என்று சொல்லலாமா என்பதுதான் இங்கே பேச்சு. தற்கொலை என்பது தன் + கொலை. தற்காப்பு, தற்பெருமை இவற்றில் இருக்கிற அதே 'தன்'தான். ஆங்கிலத்தின் சூசைட்டும் (லத்தீன் வேர்களை ஒட்டி 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது) வடமொழியின் ஆத்மஹத்தியும் இதே பொருளில் அமைந்தவை. ஆகவே தூய தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை, தற்கொலையே தமிழ்தான். சிக்கல் அதற்குள் இருக்கிற கொலையில்.

கொலை என்றால் குற்றம், குற்றம் என்றால் பொலிஸ். இலங்கையில் உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரை ஒரு வருடம் வரை சிறையில் போடச் சட்டம் இருந்தது. 1998இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. மட்டக்களப்பில் இன்றும் "கேஸ் வரும், வெளியில சொல்லாதீங்க" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சை அடக்கிவிடுகிற வீடுகள் உண்டு. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இஸ்லாமிய மார்க்கத்தில் பெரும்பாவம் என்பதும் சேர, வாயே திறக்க மாட்டார்கள்.

இதனால்தான் 'உயிர்மாய்ப்பு' என்ற சொல் நல்லது என்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளுதல் என்பது பழைய வழக்குத்தான், அதைச் சுருக்கிப் பெயராக்கியதில் குற்றவாடை இல்லை. தடுப்பு வேலைக்கு 'உயிர்மாய்ப்புத் தடுப்பு' என்றால் சரியாகப் பொருந்தும். ஆனால் நம்முடைய செய்திகளில் வருகிற 'தவறான முடிவெடுத்து' எனக்குப் பிடிக்கவே இல்லை. கொலையை எடுத்துவிட்டுத் தவறை வைத்தால் என்ன லாபம், செத்தவர் மீது பழி அப்படியேதானே கிடக்கிறது?

தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நாட்டின் கதையே பதில். 1995 அளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று நம்முடையது. அப்புறம் வயலுக்கு அடிக்கிற கடும் நஞ்சுகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அம்பாறை போன்ற நெல் மாவட்டங்களில் இதைச் சொன்னால் உடனே விளங்கும்.

எழுத்தில் உயிர்மாய்ப்பு சரி, ஆனால் எதிரில் இருப்பவரிடம் அதைச் சொல்லிக் கேட்க முடியாது. நம் ஊரில் யாரும் "எனக்கு உயிர்மாய்ப்பு எண்ணம்" என்று சொல்வதில்லை, "வெறுத்துப்போச்சு", "இருந்து என்ன செய்ய" என்றுதான் சொல்வார்கள். அப்போது "என்ன மகள், செத்திரலாம் போல இருக்கா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். "ஓம்" என்று பதில் வந்தால் தனியே விட்டுவிடாதீர்கள். 'விசர் ஆஸ்பத்திரி' என்ற பேச்சுக்கெல்லாம் பயப்படாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். சிங்களம் தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம், தேசிய மனநல உதவி இலக்கமான 1926இல் தமிழிலும் பேசலாம்.