எபிஃபிசிஸ் என்பது ‘மேல்வளர்ச்சி’ அன்று

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி, சிறுவர்களின் கால் எலும்பைக் கொண்டு வயதும், ஆணா பெண்ணா என்ற பாலும் அறிவதைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தாள். “ஐயா, ‘கணைக்கால் எலும்பின் கீழ் மேல்வளர்ச்சி’ என்று போட்டிருக்கிறதே, அது கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா?” என்று கேட்டாள். எபிஃபிசிஸ் (epiphysis) என்ற எலும்பு நுனித் துண்டுக்கு இந்த ‘மேல்வளர்ச்சி’யை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை. இனியும் பேசாமல் இருக்க முடியாது.

சொல் கிரேக்கம். ‘எபி’ என்றால் மீது, ஒட்டி. ‘ஃபிசிஸ்’ என்றால் வளர்தல். ஒன்றன்மீது ஒட்டி வளர்ந்தது என்பது பொருள். அவ்வளவுதான்.

பொருளைப் பார்ப்போம். பிள்ளையின் தொடை எலும்பு ஒரே துண்டு அன்று. நடுவில் தண்டு, இரு நுனிகளிலும் முதலில் வெறும் குருத்தெலும்பு. அதற்குள் ஒரு புள்ளி எலும்பாக மாறிப் பருக்கிறது. அதுதான் எபிஃபிசிஸ். அதற்கும் தண்டுக்கும் நடுவே குருத்தெலும்பு மெல்லிய அடுக்காக நிற்கும்வரை கால் நீளும். அடுக்கு முழுவதும் எலும்பாகிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வளர்ச்சி நின்றுவிடும். தொடை எலும்பின் முழங்கால் பக்கத்துப் புள்ளி, குழந்தை பிறக்கும் காலத்தை ஒட்டியே தோன்றிவிடும். கணைக்கால் எலும்பின் கீழ்நுனி பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 14 முதல் 16 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 15 முதல் 18 வயதிலும் ஒட்டும்.

இப்போது ‘மேல்வளர்ச்சி’க்கு வருகிறேன். தமிழில் ‘மேல்’ பின்னால் நின்றால் ஒரு பொருள், முன்னால் நின்றால் வேறு பொருள். ‘மாடிமேல்’ என்றால் மாடியின்மீது. ‘மேல்மாடி’ என்றால் உயரத்தில் உள்ள மாடி. ‘எபி’ முதல் வகை. மொழிபெயர்ப்பாளர் அதைத் தூக்கி முன்னால் வைத்ததும் அது இரண்டாம் வகையாகிவிட்டது. ஒவ்வொரு நீண்ட கால் எலும்புக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எபிஃபிசிஸ் உண்டு. ஆகவே ‘மேல் மேல்வளர்ச்சி’, ‘கீழ் மேல்வளர்ச்சி’ என்று எழுத வேண்டியதாகிறது. ‘மேல் மேல்வளர்ச்சி’ என்பதை நம் காது ‘மேன்மேலும் வளர்தல்’ என்றுதான் கேட்கும். இன்னொரு கேடும் உண்டு: ‘வளர்ச்சி’ ஒரு நிகழ்வின் பெயர். எபிஃபிசிஸோ கையில் எடுக்கக்கூடிய ஒரு துண்டு. புதைகுழியிலிருந்து எடுத்து மேசைமீது வைத்து அளக்கிற துண்டு. ‘வளர்ச்சியை அளந்தார்கள்’ என்று எழுதினால் துண்டை அளந்தார்களா, பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தார்களா என்று எப்படித் தெரியும்?

‘எலும்பு முனை’ என்பாரும் உண்டு. இது தெளிவான தமிழ்தான். ஆனால் கிழவரின் எலும்புக்கும் முனை உண்டு, தனித்துண்டு இல்லை. தனியாக இருந்து பிறகு ஒட்டும் என்ற செய்தி அதில் இல்லை. உலக்கையின் நுனியில் மாட்டும் ‘பூண்’ என்ற சொல்லையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். தண்டுக்குப் பூண் என்பது காட்சிக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பூண் வெளியிலிருந்து வருவது, வளராதது. விட்டுவிட்டேன்.

நான் சொல்வது ‘முகிழ்’. முகிழ்த்தல் என்றால் தோன்றுதல், அரும்புதல். குருத்துக்குள் புள்ளியாகத் தோன்றிப் பருப்பதற்கு வேறென்ன சொல் வேண்டும்? மேல்முகிழ், கீழ்முகிழ், முகிழ் ஒட்டுதல் என்று தடையின்றிப் பெருகவும் செய்கிறது. பூவின் முகிழ் காம்போடு ஒட்டி மறைவதில்லை என்பது உண்மை. அந்தக் குறையோடும் இதையே ஏற்கிறேன். நடுவிலுள்ள அடுக்கை ‘வளர்ச்சித் தட்டு’ என்கிறார்கள். நம் வீட்டில் தட்டு சோறு போடுவது. குருத்தெலும்பு என்று வாழையிலிருந்தும் பனையிலிருந்தும் எடுத்த சொல் கையில் இருக்கும்போது ‘வளர்குருத்து’ என்று சொல்ல என்ன தடை? அகராதியைத் திறந்து வேரைப் பெயர்க்கிறார்கள், எலும்பைப் பார்ப்பதில்லை. இங்கே நாள்முழுதும் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ச்சொல் உடனே காட்சி தராவிட்டால், அது மீண்டும் ஆங்கிலச் சொல்லிடமே போய்விடும்.

அதே கட்டுரையில் ‘வயது நிர்ணயம்’, ‘பால் நிர்ணயம்’ என்ற சொற்களும் இருந்தன. நிர்ணயம் என்றால் முடிவாகச் சொல்லிவிடுதல். பருவமடையும் முன் கால் எலும்பை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பால் தெரியாவிட்டால் வயதும் விரிந்துபோகும், ஏனெனில் முகிழ்கள் பெண்பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டு முந்தி ஒட்டுகின்றன. ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே ரைசிங் ஸ்டார் குகையில் கிடைத்த ஹோமோ நலெடி என்ற, அழிந்துபோன மனித உறவினத்துச் சிறு உடலைப் பற்றி 2020இல் எழுதிய ஆய்வாளர்கள்கூட ஒரே வயதைச் சொல்லவில்லை. விரைந்து வளரும் இனமென்றால் 8 முதல் 11, இன்றைய மனிதரைப்போல வளர்ந்ததென்றால் 11 முதல் 15 என்றார்கள். இது மதிப்பீடு. அதை நிர்ணயம் என்று எழுதுவது அவர்கள் சொல்லாததைச் சொல்வது.

மாணவியின் ஏட்டில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: “கணைக்கால் எலும்பின் கீழ்முகிழ் தண்டோடு இன்னும் ஒட்டவில்லை, நடுவே வளர்குருத்து இருந்த இடைவெளி தெரிகிறது.” படித்துவிட்டுத் தன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்.