சொல் விளக்கம்: கர்ட்டெயில்மென்ட் – பயணக் குறுக்கம்

பயணக் காப்பீட்டுப் பத்திரங்களில் ‘கேன்சலேஷன் அண்ட் கர்ட்டெயில்மென்ட்’ என்று இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். பல பத்திரங்களில் இரண்டுக்கும் ஒரே பிரிவு, ஒரே உச்சவரம்பு. அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆனால் நடுவே ஒரு கோடு இருக்கிறது: பயணம் தொடங்கும் நேரம். அதற்கு முன்பே பயணம் நின்றுபோனால் கேன்சலேஷன். கிளம்பிய பிறகு பாதியில் வீடு திரும்ப நேர்ந்தால் கர்ட்டெயில்மென்ட். பணத்தைக் கணக்கிடும் முறையும் கேட்கப்படும் சான்றுகளும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு.

கேன்சல் என்பதன் வேர் லத்தீனின் ‘கான்செல்லி’. கம்பித் தடுப்பு, கிராதி என்று பொருள். எழுதியதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டால் அது கிராதி போலத் தெரியும். அப்படி அடித்துவிடுவதே கேன்சல். தமிழில் புழங்கும் ‘ரத்து’ அரபியின் ‘ரத்’ என்பதிலிருந்து வந்தது; திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்பது அதன் பொருள். ‘நீக்கம்’, ‘விலக்கம்’ என்று எழுதுவோரும் உண்டு. பயண நீக்கம் என்றால் யாரையோ பயணத்திலிருந்து நீக்கியதுபோல் இருக்கிறது. ரத்து எல்லோருக்கும் புரிகிறது, இருக்கட்டும்.

கர்ட்டெயில்மென்டுக்குத்தான் நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். வால் நறுக்கப்பட்ட குதிரைக்கு ஆங்கிலத்தில் ‘கர்ட்டல்’ என்று பெயர் இருந்தது. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதற்கும் முந்தைய வேர், வெட்டிக் குட்டையாக்கப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் ‘கர்ட்டஸ்’. வால் என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘டெயில்’. குதிரையின் வால் நினைவில் இருந்ததால் கர்ட்டல், கர்ட்டெயில் ஆயிற்று. முழுதும் அழிப்பது அல்ல, கடைசிப் பகுதியை வெட்டுவதுதான் பொருள்.

இதைக் ‘குறைப்பு’ என்று மொழிபெயர்த்தால் காப்பீட்டுத் தொகையையே குறைப்பதாகத் தோன்றும். ‘சுருக்கம்’ என்றால் கட்டுரைச் சுருக்கம் நினைவுக்கு வரும். நம் இலக்கணத்திலேயே பொருத்தமான சொல் இருக்கிறது: குறுக்கம். ஐகாரம் தனியே நின்றால் 2 மாத்திரை. சொல்லின் முதலில் ஒன்றரை, இடையிலும் கடையிலும் ஒன்று. இதுதான் ஐகாரக்குறுக்கம். எழுத்து அப்படியே இருக்கிறது, அதன் அளவு மட்டும் குறைகிறது. பாதியில் திரும்பிய பயணமும் அப்படித்தான்: நடந்தது, ஆனால் நாள் குறைந்தது. ஆகவே ‘பயணக் குறுக்கம்’.

காப்பீட்டாளர் போடும் கணக்கும் இதே வழியில் போகிறது. ரத்து என்றால், முன்கூட்டிச் செலுத்தியதில் திரும்பப் பெற முடியாத தொகை முழுதும் கணக்கில் வரும். குறுக்கம் என்றால், பயன்படுத்தாமல் போன முழு நாள்களுக்கு மட்டுமே. பத்து நாள் பயணத்துக்குத் தங்கல், சுற்றுலாச் செலவாக 1,000 கட்டியிருக்கிறீர்கள் என்று கொள்வோம்; நாணயம் எதுவானாலும் சரி. ஆறாம் நாள் வீடு திரும்புகிறீர்கள். திரும்பும் நாள் பெரும்பாலும் பயன்படுத்திய நாளாகவே கொள்ளப்படும். மிஞ்சுவது 4 நாள், அதாவது 400. அதில் ‘எக்ஸஸ்’ அல்லது ‘டிடக்டிபிள்’ எனப்படும், நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு கழியும். அது 50 என்றால் கைக்கு வருவது 350. பல பத்திரங்களில் இந்தக் கழிவு ஆளுக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள். நால்வர் குடும்பம் என்றால் நான்கு முறை கழியும்.

விமானச் சீட்டு தனிக்கதை. அவசரமாகத் திரும்பப் புதுச் சீட்டுக்குக் காப்பீட்டாளர் பணம் கொடுத்தால், பயன்படுத்தாத பழைய திரும்புசீட்டுக்கும் சேர்த்துத் தரமாட்டார். காப்பீடு என்ற சொல்லே இதைச் சொல்கிறது: காப்பு, ஈடு. இழந்ததற்கு ஈடு உண்டு, அதற்கு மேல் இல்லை. இலங்கைத் தமிழில் இதையே காப்புறுதி என்பார்கள்.

குறுக்கக் கோரிக்கைகளை அதிகம் கெடுப்பது அவசரம். செய்தி கேட்டதும் முதல் விமானத்தைப் பிடிக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் பெரும்பாலான பத்திரங்கள், திரும்பும் முன்பே காப்பீட்டாளரின் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்து ஒப்புதல் பெறச் சொல்கின்றன. பயணி தாமே நோயுற்றுத் திரும்பினால், அங்கே பார்த்த மருத்துவர் ‘திரும்புவது மருத்துவரீதியாக அவசியம்’ என்று எழுதித் தர வேண்டும். ஊருக்கு வந்தபின் வாங்கும் சான்று அந்த இடத்தை நிரப்பாது. வீடு திரும்பாமல் விடுதி அறையிலேயே படுத்திருந்த நாள்களுக்கும் பொதுவாகப் பணம் இல்லை; மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த நாள்களைச் சில பத்திரங்கள் குறுக்கத்தில் சேர்க்கின்றன.

இனி ரத்து. இங்கே கோட்டைவிடுவது தொடக்கத் தேதியில். ஒரே பயணத்துக்கான காப்பீட்டில் ரத்துக் காப்பு பத்திரம் வாங்கிய அன்றே தொடங்கிவிடும். ஆண்டுக் காப்பீட்டில், நாம் குறிப்பிடும் தொடக்க நாளில்தான் அது உயிர்பெறும். ஆறு மாதம் கழித்துப் புறப்படும் நாளையே தொடக்க நாளாகப் போட்டால், இடைப்பட்ட ஆறு மாதமும் ரத்துக் காப்பே இல்லை. முன்பதிவு செய்யும் நாளில் காப்பு தொடங்குவதுதான் சரி.

எந்தக் காரணத்துக்கு ரத்து செல்லும் என்று பத்திரம் பட்டியல் போட்டிருக்கும்: பயணிக்கோ நெருங்கிய உறவினருக்கோ உடன் வருபவருக்கோ நோய், விபத்து, மரணம், நீதிமன்ற அழைப்பாணை, வீட்டில் தீ, வெள்ளம். மனம் மாறியது அதில் இராது, விசா மறுப்பும் பெரும்பாலும் இராது. உறவினரின் பழைய நோய் முன்பே தெரிந்திருந்தால் அதுவும் சிக்கல்தான். மருத்துவச் சான்று, நோயுற்றவரின் மருத்துவரிடமிருந்து வர வேண்டும். அவர் பயணியே அல்லாவிட்டாலும்.

போக முடியாது என்று தெரிந்த நாளிலேயே விடுதிக்கும் பயண முகவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். தெரிந்த நாளில் எவ்வளவு கட்டணமோ அதைத்தான் காப்பீட்டாளர் ஏற்பார். தாமதத்தால் கூடியது உங்கள் தலையில்.

பயணியால் அல்லாமல் விமானம் நின்றதாலோ வானம் மூடியதாலோ திட்டம் குலைந்தால் அதற்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்ரப்ஷன்’ என்று பெயர். உடைத்தல் என்னும் லத்தீன் ‘ரும்பெரெ’ அதன் வேர். தமிழில் இடையூறு: இடையே வந்த ஊறு. இதற்கு மேல் துல்லியம் வேண்டியதில்லை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி பல நாள் மூடிக் கிடந்தது. ‘மோசமான வானிலை’க்குக் காப்பு என்றிருந்த பத்திரங்களில், சாம்பல் வானிலையா என்பதே வழக்காயிற்று. சில காப்பீட்டாளர் ஏற்றனர், சிலர் மறுத்தனர். ஒரு சொல்லின் வரையறை எவ்வளவு பணமாகும் என்பதைப் பயணிகள் அப்போது கண்டனர்.

விமானம் ரத்தானால் முதலில் விமான நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, சீட்டுப் பணமோ மாற்றுப் பயணமோ பயணியின் உரிமை. அங்கே கிடைக்காதவற்றுக்குத்தான், எடுத்துக்காட்டாகத் திரும்பத் தராத விடுதி முன்பணத்துக்கு, காப்பீட்டை நாட வேண்டும். அதற்கும் பல அடிப்படைப் பத்திரங்களில் இடையூறுக் காப்பைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். தாமதம் எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டுப் பயணமே வேண்டாம் என்று திரும்பினால் அது ‘அபாண்டன்மென்ட்’. தமிழில் கைவிடல் எனலாம். பல பத்திரங்களில் அதற்கு 12 அல்லது 24 மணி நேரத் தாமதம் வேண்டும்.

கர்ட்டெயில்மென்ட் பிரிட்டன் வழிப் பத்திரங்களின் சொல். அமெரிக்கப் பத்திரங்கள் ‘ட்ரிப் இன்டரப்ஷன்’ என்கின்றன. அது இடைமுறிவு, குறுக்கத்தைவிட அகலமானது. வீடு திரும்புவதோடு, விட்ட இடத்தில் பயணத்தை மீண்டும் பிடிக்க ஆகும் கூடுதல் போக்குவரத்துச் செலவும் அதில் அடங்குவது வழக்கம். அதனாலேயே உச்சவரம்பைப் பயணச் செலவின் 150 விழுக்காடு வரை வைக்கும் பத்திரங்களும் உண்டு. உங்கள் பத்திரத்தின் வரையறைப் பக்கத்தில் இவற்றில் எந்தச் சொல் இருக்கிறதோ, அதன் எல்லைதான் உங்கள் காப்பின் எல்லை.