முகக் கிறீமில் ஸ்டெரொயிட்: முறைப்பாடு செய்ய மூன்று மாதம்தான்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஒரு அக்கா, மகளின் கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்கட்டும் என்று புறக்கோட்டையில் ஒரு டப்பா கிறீம் வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று இருந்தது. அது முடிய இன்னொரு டப்பா, அப்புறம் இன்னொன்று. ஐந்தாம் மாதம் கிறீம் முடிந்து சில நாள் பூசாமல் விட்டதும், பிள்ளையின் முகம் சிவந்து, மிளகாய்த் தூள் பட்டது போல எரியத் தொடங்கியது. தோல் வைத்தியர் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார், கிறீமில் ஸ்டெரொயிட் என்ற தோல் நோய் மருந்து இருந்திருக்கிறது என்று. முறைப்பாட்டோடு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். "வாங்கி மூன்று மாதம் தாண்டிவிட்டதே" என்று, கடிதத்தை முழுதாக வாசிக்காமலே திருப்பித் தந்தார்கள்.

மூன்று மாதம் என்பது அவர்கள் சொந்தமாகச் சொன்னதல்ல, சட்டத்திலேயே இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இது. உடம்பு கெட்ட நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். சட்டம் எழுதியவர்கள் உடைந்த கேத்தலையும் ஓடாத மின்விசிறியையும் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் போல. ஸ்டெரொயிட் கிறீம் அப்படி முதல் நாளே பழுதைக் காட்டாது. முதலில் நன்மை செய்வது போலத்தான் இருக்கும். அது காயம் காட்டும்போது மூன்று மாதம் போயிருக்கும்.

இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம். குளோபெட்டசோல் புரோப்பியனேட், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் எல்லாம் ஸ்டெரொயிட்தான். கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு நல்ல மருந்துகள். மருந்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குளோபெட்டசோல் இந்த வகையில் மிகவும் வலிமையானது. 0.05 சதவீதம் கலந்தாலே போதும். அதையும் தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் பூசக் கூடாது, கிழமைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பதுதான் பொதுவான வரையறை. முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலியும், சிவந்த இரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், முடி வளரும். கண்ணோரம் பூசினால் கண் அழுத்தம் கூடலாம். படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சணம் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு, அதுவும் பம்பர்ஸ் கட்டும் இடத்தில், வைத்தியர் சொல்லாமல் பூசவே கூடாது. அங்கே மருந்து உடம்புக்குள் அதிகமாக இறங்கும்.

நீண்ட நாள் பூசிவிட்டு இப்போது பயந்து போயிருந்தால், நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். டப்பாவோடு வைத்தியரிடம் போங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. இப்படிப்பட்ட வலிமையான ஸ்டெரொயிட்டுகள் மருந்துச் சீட்டுக்கு மட்டும், அனுமதிப்பத்திரம் உள்ள பார்மசியில் மட்டும் விற்க வேண்டியவை. சலூனிலோ பேன்சிக் கடையிலோ வட்ஸ்அப்பிலோ விற்க யாருக்கும் அனுமதியில்லை. விதி இவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்டெரொயிட் கலந்த கிறீம் டப்பாவில் "ஸ்டெரொயிட்" என்று எழுதியிருக்காது. "ஹேர்பல்", "பக்கவிளைவு இல்லை" என்றுதான் இருக்கும். அதனால் நீங்கள் அலையப்போவது இப்படித்தான்: ஒரு கவுண்டரில் "இது அழகுசாதனம், எங்களுக்கு வராது" என்பார்கள், அடுத்ததில் "உள்ளே மருந்து இருக்கிறது என்கிறீர்களே, மருந்துக்காரர்களிடம் போங்கள்" என்பார்கள். எங்களை இப்படி மூன்று நாள் அலைய வைத்தார்கள். வேலைக்கு லீவு போட்டு, பஸ் காசு கொடுத்து, எரியும் முகத்தோடு வெயிலில் ஒரு பிள்ளை அலைந்தாள்.

ஆகவே ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். மருந்துகள் அதிகாரசபைக்கு ஒன்று, வொக்ஸோல் வீதியில் உள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் "பிரதி" என்று மற்றதன் பெயரை எழுதுங்கள். அப்போது கை காட்டிவிடுவது கொஞ்சம் கடினமாகும். பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னேன், அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அந்த இலக்கம் பாவனையாளர் அதிகாரசபையுடையதுதான். கடையைப் பற்றித் தகவல் கொடுக்க நல்லது. ஆனால் உங்களுக்கு நட்டஈடோ பணமோ வேண்டுமென்றால் சட்டம் கேட்பது எழுத்து. தொலைபேசியில் பேசிவிட்டுக் காத்திருந்தே மூன்று மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பில் இல்லையா? இங்கேதான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. கேட்காவிட்டால் அவர் கொடுக்கப்போவதில்லை. பில்லில் வெறும் "கிறீம்" என்று இருந்தால் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் உரையாடல், பணம் அனுப்பிய ஸ்லிப், கூரியர் உறை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். விற்றவர் கணக்கை மூடிவிட்டுப் போக அதிக நேரம் எடுக்காது.

இன்னொன்று. ஒவ்வொரு டப்பாவும் தனி விற்பனை. முதல் டப்பா ஜனவரியில் என்றாலும் கடைசி டப்பா மே மாதம் என்றால், கடிதத்தில் மே மாத விற்பனையை முன்னால் வையுங்கள். நாங்கள் முதல் தடவை "ஐந்து மாதத்துக்கு முன் வாங்கினோம்" என்று தொடங்கினோம். அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது எங்களைத் திருப்பி அனுப்ப.

டப்பாவைக் கழுவி ஊறுகாய் போட்டுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கிறீமோடு மூடி, வெயில் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பரிசோதிக்க வேறு சான்று இல்லை. "பக்கவிளைவு இல்லை" என்ற வாசகத்தைத் தெளிவாகப் படம் எடுங்கள்: விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவரவில்லை என்பதும் முறைப்பாட்டுக்கான காரணம்தான். இறக்குமதியாளரின் பெயர், தொகுதி இலக்கம், உச்ச விலை இல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள். ஸ்டெரொயிட் இருப்பதை நிரூபிக்க ஆய்வுகூடம் வேண்டும். லேபல் இல்லை என்பதை நிரூபிக்கக் கண் போதும்.

வைத்தியத்துக்குத் தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், காசு இல்லை. அங்கே வெட்கப்பட்டு "ஏதோ அலர்ஜி" என்று சொல்லாதீர்கள். கிறீமின் பெயரையும், ஸ்டெரொயிட் என்ற சந்தேகத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி பிறகு கடிதத்தோடு போகும்.

சலூனில் கையால் கிறீம் கலக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. இந்த மருந்து உங்கள் விரல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தூளாக வந்தால் அந்தத் தூசியைச் சுவாசிக்காதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பமாக இருந்தால் அந்த வேலையைச் செய்யவே வேண்டாம். முதலாளி "வெறும் கிறீம்தானே" என்றால் அவரிடம் மூலப்பொருளின் லேபலைக் காட்டச் சொல்லுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். "சிங்களத்தில் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பிலும் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதை வாசலில் வாதாடாமல் கடிதத்தின் கடைசி வரியாக எழுதிவிடுவது நல்லது: "பதிலைத் தமிழில் தரவும்."

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள்: என் முறைப்பாட்டின் கோப்பு இலக்கம் என்ன, யாரிடம் இருக்கிறது, மாதிரி பரிசோதனைக்குப் போனதா. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். அக்காவின் கடிதத்துக்கு இப்படிக் கேட்ட பிறகுதான் கோப்பு இலக்கமே கிடைத்தது. அதுவும் மூன்றாவது டப்பாவின் பில் அவருடைய கைப்பையின் அடியில் கசங்கிக் கிடந்ததால்.