கட்டைவிரல் சொல்லாத கதை

ரோமாபுரியின் கிளாடியேட்டர்கள், அதாவது மக்கள் பார்க்க அரங்கத்தில் ஆயுதமேந்தி மோதியவர்கள், பற்றிய பாடம் தொடங்கினாலே யாராவது ஒரு மாணவர் கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டுவார். "இப்படிக் காட்டினா கொன்னுடணும், அப்படித்தானே சார்?" வரலாறு நடத்தும் இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி தப்பியதே இல்லை.

அந்தச் சைகையை உலகெங்கும் பரப்பியது 1872-இல் ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரர் தீட்டிய ஓவியம். பழைய லத்தீன் வரிகளில் 'திருப்பிய கட்டைவிரல்' என்று மட்டுமே இருக்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. "சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறார்கள்" என்ற முழக்கமும், கி.பி. 52-இல் பேரரசர் கிளாடியஸ் ஓர் ஏரியில் நடத்திய கப்பற்போர்க் காட்சியில் மரண தண்டனைக் கைதிகள் சொன்னதாகப் பதிவானது. கிளாடியேட்டர்கள் அதை வழக்கமாகச் சொன்னார்கள் என்பதற்குச் சான்று கிடையாது.

சட்டம், சாலை, லத்தீன் எல்லாவற்றையும் ரோமிடமிருந்து பெற்ற பரம்பரைச் சொத்தாகக் கொண்டாடிய 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு அரங்கத்து ரத்தம் பெரிய சங்கடம். கிறிஸ்தவம் வந்து துடைத்த கறை என்று லெக்கி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். உலகப் போரைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் மைக்கேல் கிராண்ட் 1967-இல் அதை நாஜிக் கொடுமையோடு சேர்த்துப் பேசினார். 1983-இல் இன்னொரு வரலாற்றாசிரியர் கீத் ஹாப்கின்ஸ், போரில் வளர்ந்த ஒரு சமூகம் அமைதிக் காலத்தில் தன் போர்க்குணத்தை அரங்கத்தில் காப்பாற்றிக்கொண்டது என்றார். அரங்கம் ஒன்றுதான். 'நாகரிகம்' என்ற சொல்லுக்கு அவரவர் காலம் தந்த பொருள்தான் வேறு.

1993-இல், இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் என்ற பழைய நகரத்தில் கிளாடியேட்டர்களின் இடுகாடு கிடைத்தது. எலும்புகளில் நன்றாக ஆறிய காயங்கள், நல்ல வைத்தியம் நடந்த அடையாளங்கள். இப்போது மாணவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு, "அது ஒரு ஸ்போர்ட்ஸ் சார், நிறைய பேர் சாகல" என்கிறார்கள். பழைய கட்டுக்கதைகளைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. ஜார்ஜ் வில் என்ற ஆய்வாளர் போட்ட கணக்கில் முதல் நூற்றாண்டின் 100 மோதல்களுக்கு 19 சாவு. 'அவ்வளவுதானா' என்று மூச்சு விடுகிறோம். ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா மதிய வேளையில் அரங்கத்தில் பார்த்து மனம் நொந்த மரண தண்டனைகள் அந்தக் கணக்கிலேயே வராது. விளையாட்டுத்துறை செழிக்கும் காலத்தில் இருக்கும் நாம், நமக்குத் தோதான ரோமை எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் இப்போதெல்லாம் ஓவியத்தைக் காட்டாமல் ஒரு கல்லறைக் கல்லிலிருந்து தொடங்குகிறேன். கருங்கடல் கரையில் இருந்த அமிசஸ் நகரத்தில் இறந்த டயோடோரஸ் என்ற கிளாடியேட்டருடையது. எதிராளி டெமெட்ரியஸை வீழ்த்தியும் அவனை உடனே கொல்லவில்லை, விதியும் தலைமை நடுவரின் வஞ்சகமும் தன்னைக் கொன்றன என்று அந்தக் கல் முறையிடுகிறது. விதிமுறை இருந்தது, நடுவர் இருந்தார், டயோடோரஸ் செத்தும் போனான்.

சென்ற முறை வகுப்பில் யாரும் கட்டைவிரலைக் காட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்தக் கல்லை யார் சார் காசு கொடுத்து வெட்ட வெச்சிருப்பாங்க?"