பிபிஓ (தனிநபர் பாதுகாப்பு ஆணை): அடிக்கும், வதைக்கும் கைக்கு ஒரு தடை

"அவர் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, வாயால்தான் கொல்கிறார். இதற்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவது?" என்று தயங்குகிறவர்கள் பலர். போகலாம். சிங்கப்பூரில் 2025 ஜனவரி 2-ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அடி உதையும் பாலியல் கொடுமையும் மட்டுமல்ல, மனத்தை வதைப்பதும் குடும்ப வன்முறைதான். மிரட்டுவது, யாரோடும் பேசவிடாமல் வீட்டுக்குள் முடக்குவது எல்லாம் இதில் சேரும்.

இதற்கான கவசம் தனிநபர் பாதுகாப்பு ஆணை. பேச்சில் பிபிஓ. மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் வருவதால் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மகனிடம் அடி வாங்கும் அப்பாவும் கேட்கலாம். கணவன், மனைவி, விவாகரத்தானவர், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறப்பு என்று உறவு இருந்தால் போதும். முஸ்லிம்களுக்கும் இதே சட்டம்தான். முன்பு 21 வயதாக வேண்டும், இப்போது 18 ஆனாலே தானாக விண்ணப்பிக்கலாம். நீண்டகால வருகை அட்டையில் இருக்கும் வெளிநாட்டு மனைவிக்கும் இந்த வழி உண்டு. கல்யாணமாகாத காதலர்களுக்கு மட்டும் வேறு சட்டம், தொல்லைக்கு எதிரானது.

விண்ணப்பக் கட்டணம் 1 வெள்ளி. குடும்ப நீதிமன்றத்தின் இணையத்தளம் வழியாகப் போடலாம். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் பேவ் போன்ற குடும்ப வன்முறைச் சிறப்பு நிலையத்தில் கூடவே உட்கார்ந்து உதவுவார்கள். ஆபத்து உடனடி என்று தெரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே நீதிமன்றம் விரைவு ஆணை தரும். சாதாரணமாக அது 28 நாள் வரை. விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாய்தா அன்று கண்ணீரோடு ஆங்கிலத்தில் தடுமாறத் தேவையில்லை.

"அவருக்குக் குற்றப் பதிவு விழுந்துவிடுமோ, வேலை போய்விடுமோ" என்ற கவலையில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். பிபிஓ கிடைத்தாலே குற்றப் பதிவு விழாது. மீறினால்தான் குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது விவாகரத்தும் அல்ல. அவரை வீட்டிலிருந்தே விலக்கி வைக்கவும் ஆணை கேட்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அவர் பெயரில் இருந்தாலும் சரி, உரிமை அவரிடமே இருக்கும், நுழைய மட்டும் முடியாது.

சரி, உடம்பு? என்னைக் கேட்டால், ஆணை வாங்குவதைவிட மருந்தகத்தில் உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம். "குளியலறையில் வழுக்கிட்டேன்" என்பது வாயில் தயாராக இருக்கும். அப்படிச் சொன்னால் டாக்டர் அப்படியே எழுதிவிடுவார், அப்புறம் அந்தத் தாள் உங்களுக்கு எதிராகவே நிற்கும். யார், எதனால், எந்த நாள் என்று சொல்லுங்கள். கன்றிய இடத்தை அன்றைக்கும், நிறம் மாறிய பிறகு இரண்டு மூன்று நாள் கழித்தும் படம் எடுத்து, அவர் கைக்குப் போகாத இடத்தில் வையுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். உள்வீக்கம் பல மணி நேரம் கழித்தும் காட்டும்.

உடனடி ஆபத்தென்றால் 999. பேச முடியாத நிலையில் 70999-க்குக் குறுஞ்செய்தி. ஆலோசனைக்கு 1800-777-0000 உதவி எண், இரவு பகல் எந்நேரமும். தங்க இடம் இல்லையென்றால் அவர்களிடமே சொல்லுங்கள், தற்காலிக இல்லத்துக்கு வழி செய்வார்கள்.

ஆணை வந்த பிறகும், லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கம் வராது, பிள்ளை படுக்கையை நனைக்கும். எல்லாம் முடிந்ததே, இன்னும் ஏன் இப்படி என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம், பயந்த உடம்பு அப்படித்தான் செய்யும். நீதிபதி அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஆலோசனைக்கு உத்தரவிட முடியும். அது தண்டனை இல்லை, கேட்டே வாங்குங்கள். பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்திலும் ஆலோசகர் உண்டு. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.