தத்தெடுக்கப் போன ஊரில் சுற்றிப் பார்க்கலாமா?

வெளிநாட்டுக்குப் போய்க் குழந்தையைத் தத்தெடுத்து வரும் பெற்றோர், ஆலோசனைக்கு வந்ததும் முதலில் காட்டுவது போட்டோக்களைத்தான். கோட்டை வாசலில் ஒன்று, படகில் ஒன்று, மிருகக்காட்சி சாலையில் ஒன்று. கொஞ்ச நாள் முன்பு வந்த ஒரு தம்பதியும் அப்படித்தான் காட்டினார்கள். இரண்டரை வயதுப் பையன். "அஞ்சு நாளும் ஒரு தடவைகூட அழல மேடம், அவ்வளவு சமத்து" என்றார் அந்த அம்மா.

நான் குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் வலது கையில் ஒரு பிஸ்கட். கடித்த அடையாளமே இல்லை. காலையில் எடுத்த படத்தில் முழுசாக இருக்கிறது. மாலைப் படத்தில் ஓரம் நொறுங்கி, வியர்வையில் ஊறிப் போயிருக்கிறது. தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. மறுநாள் படத்தில் வேறு பிஸ்கட், அதே பிடி.

"எப்போது அழ ஆரம்பித்தான்?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி. அப்புறம் இரண்டு வாரம் ஓயவில்லை.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஊரில் தங்குவது அவர்கள் விருப்பப்பட்டுப் போட்ட திட்டம் அல்ல. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் சர்வதேச உடன்படிக்கையின்படி, குழந்தை பிறந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சம்மதிக்க வேண்டும். புது நாட்டுக்குள் நுழையவும் நிரந்தரமாகத் தங்கவும் அனுமதி உறுதியாக வேண்டும். நீதிமன்றம், பாஸ்போர்ட், விசா என்று சில நாளோ சில வாரமோ ஓடிவிடும். அதுவரை ஹோட்டல் அறையில் நான்கு சுவரையே பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. சரி, வந்ததுதான் வந்தோம், குழந்தைக்கும் நாலு இடம் காட்டுவோமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் குழந்தையின் பக்கம் நின்று அந்த நாட்களைப் பாருங்கள். நேற்று வரை சோறூட்டிய ஆயா இல்லை. பக்கத்துக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் இல்லை. மொழி போய்விட்டது, சோப்பு வாசனைகூட மாறிவிட்டது. இதற்கு நடுவே கூட்டம், ஹாரன், வெயில். பெரும்பாலும் காப்பகச் சுவருக்குள்ளேயே வளர்ந்த குழந்தை புல்தரையில் கால் வைக்கவே பயப்படும். 

1952-ல் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். பெற்றோர் உடன் தங்காமல் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது. பெரிய ரகளை ஏதும் இல்லை. முகம் இறுகிப்போய், பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறாள். அந்த அமைதி துக்கம் என்று மருத்துவ உலகத்துக்குப் புரியப் பல வருடம் ஆனது. குழந்தை அழுது தீர்த்தபின் ஒடுங்கிப்போவதைத்தான் அதுவரை 'பழகிவிட்டது' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தத்துப் பயணத்தில் நாம் 'சமத்து' என்று சொல்வதும் பல நேரம் அதுதான். காரில் ஏறினவுடன் தூங்கிவிடுவது, எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வது, எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்பது எல்லாம் இதே வகையில் வரலாம்.

இதற்கு நேர்மாறாகச் சில குழந்தைகள் கைடு, கடைக்காரர், எதிரே வருபவர் என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டு தாவும். காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கலகலப்பான பிள்ளை என்று மகிழ்ந்து, கேட்டவர் கையிலெல்லாம் கொடுக்காதீர்கள். அந்த நாட்களில் தூக்குவதும் ஊட்டுவதும் நீங்கள் இருவர் மட்டும்தான் என்று கைடிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அப்படியானால் வெளியே போகவே கூடாதா? போகலாம். நான் சொல்வது ஒன்றுதான்: தினம் ஒரு புது இடம் வேண்டாம், ஒரே இடத்துக்குத் தினமும் போங்கள். பக்கத்துப் பூங்கா போதும். அதே பாதை, அதே பெஞ்சு, அதே நேரம், அரை மணி. நாலாம் நாள் குழந்தை உங்கள் கையை இழுத்துக்கொண்டு அந்தப் பெஞ்சைத் தேடிப் போகும். தள்ளுவண்டியைவிட, உடம்போடு சேர்த்துக் கட்டும் துணித் தூளி நல்லது. காப்பகத்திலிருந்து போட்டுவந்த சட்டையை உடனே துவைக்காதீர்கள், பழகிய வாசனை அதில்தான் இருக்கிறது. தத்தெடுப்பு ஆணையின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். உங்கள் ஜாடையில் இல்லாத குழந்தை அழும்போது யாராவது கேள்வி கேட்கலாம். காய்ச்சல் இருந்தால் வெளியே கிளம்பவே வேண்டாம். 2004-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்தெடுத்து வந்த குழந்தைகளிடையே தட்டம்மை கண்டறியப்பட்டது நடந்த விஷயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நான் அழுத்தியே சொல்வேன். அது உங்கள் குழந்தை பிறந்த நாடு. பின்னாளில் அதைப் பற்றிக் கேட்கும், அப்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே ஒருவர் குழந்தையோடு இருக்க, மற்றவர் போய்ப் பார்த்து வாருங்கள். கோட்டையைப் படம் எடுங்கள், ஆனால் அதோடு காப்பகம் இருக்கும் தெரு, குழந்தை படுத்திருந்த கட்டில், ஜன்னல், சமையலறை இவற்றையும் அனுமதி கேட்டு எடுங்கள். ஆயா தூங்கவைக்கப் பாடும் பாட்டை, அவர் சம்மதித்தால், போனில் பதிவு செய்யுங்கள். 

பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியோடு அவளுடைய ஆல்பத்தைப் புரட்டியிருக்கிறேன். அரண்மனை, அருவி எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளினாள். ஒரு படம் வந்ததும் நிறுத்தினாள். கார் வரும்வரை காத்திருந்தபோது அப்பா சும்மா எடுத்தது: காப்பக வாசலில் வரிசையாக விட்டிருந்த குட்டிக் குட்டிச் செருப்புகள்.

"இதுல என்னோடது எது?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.