சித்தப்பாவுக்குத் தெரியாத சொல்

பள்ளிகளில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். 'தெரியாதவர் சாக்லேட் கொடுத்தால்?' என்று கேட்டால் இரண்டாம் வகுப்பே 'வாங்க மாட்டோம்' என்று முழங்கும். 'தெரிந்தவர் கொடுத்தால்?' என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர் செய்ததே என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள். நாமோ இன்னும் பிள்ளைபிடிக்கிறவனைக் காட்டித்தான் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

பல வீடுகளில் அந்தரங்க உறுப்புக்கு 'ஷேம் ஷேம்' என்றே பெயர். வெட்கக்கேடு என்று நாமே பெயர் சூட்டிய இடத்தில் நடந்ததைக் குழந்தை எந்த வாயால் சொல்லும்?

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' பாடத்தை நான் கைவிட்டுவிட்டேன். ஊசி போடும் டாக்டர் தொட்டால் வலிக்கிறது. தப்பான எண்ணத்தோடு கிச்சுகிச்சு மூட்டுகிறவன் தொட்டால் சிரிப்பு வருகிறது. எது கெட்டது என்று ஆறு வயது எப்படித் தீர்மானிக்கும்? அதனால் இப்போது ஒன்றைத்தான் சொல்லித் தருகிறேன்: 'அம்மாவிடம் சொல்லாதே' என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு 'ஏன் முன்பே சொல்லவில்லை?' என்று அம்மா கேட்டுவிட்டால் அத்தோடு அந்த வாய் மூடிக்கொள்ளும். 'சொன்னது நல்லது, தப்பு உன்னுடையது இல்லை' என்பது போதும். அடுத்து 1098, குழந்தைகளுக்கான உதவி எண். காவல் நிலையப் படியேற வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, போலீஸார் சீருடை அணியாமல் வந்துதான் வாக்குமூலம் பெற வேண்டும். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதுதான் குற்றம்.

ஒரு வீட்டில் ரகசியச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பள்ளியிலிருந்து வேறு யார் அழைத்துப் போக வந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளே தேர்ந்தெடுத்தாள்: 'சீடை'. ஒருநாள் பாட்டியை மருத்துவமனையில் சேர்த்த அவசரத்தில் சொந்தச் சித்தப்பாவையே அனுப்பினார்கள்; சொல்லைச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டார்கள். அவள் நகரவில்லை. அவர் கெஞ்சினார், அதட்டினார். அம்மாவின் போன் கிடைக்கும்வரை வாட்ச்மேன் அருகிலேயே நின்றாள்.

'சித்தப்பாவை வாசலில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள்' என்று வீட்டில் திட்டு விழுந்தது. அப்பாவை அழைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அன்று அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது பாராட்டு. அடுத்த முறை வருகிறவர் சித்தப்பாவாகவே இருப்பார் என்று யார் உறுதி தருவது?

சென்ற வாரம் அவளைப் பார்த்தேன். சித்தப்பா கதையைக் கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டாராம். அதனால் அப்பாவும் அவளும் உட்கார்ந்து பேசிச் சொல்லை மாற்றிவிட்டார்கள்.

"புதுச் சொல் என்ன?" என்று கேட்டேன்.

"உங்களிடம் சொல்ல மாட்டேன் மிஸ்" என்றாள்.